பட்ஜெட் ப்ராசஸர் போதுமா, ‘கே’ போட்டது வேண்டுமா?

முந்நூறு பக்கம், பக்கத்துக்கு இரண்டு படம் என்று ஒரு பெரிய ஆவணம். அதை பிடிஎஃப் ஆக மாற்றச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறீர்கள். சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என்னதான் நடக்கிறது என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், ப்ராசஸர் பயன்பாடு 13 சதவீதமோ 15 சதவீதமோ காட்டுகிறது. மீதி எல்லாம் சும்மா கிடக்கிறது. அப்படியானால் கம்ப்யூட்டர் ஏன் இழுக்கிறது?

புது டெஸ்க்டாப்புக்கு ப்ராசஸர் தேர்ந்தெடுக்கும் முன் இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பட்ஜெட் ப்ராசஸர் போதுமா, ஓவர்கிளாக் செய்யக்கூடிய, அதாவது தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேலே நாமே ஏற்றிக்கொள்ளக்கூடிய இன்டெலின் ‘கே’ வகைக்குப் போகலாமா என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

உங்களிடம் இருப்பது நான்கு கோர், எட்டு த்ரெட் கொண்ட ப்ராசஸர் என்று வைத்துக்கொள்வோம். கோர் என்பது வேலை செய்யும் ஓர் ஆள். த்ரெட் என்பது அந்த ஆளிடம் ஒரே நேரத்தில் கொடுத்துவைக்கக்கூடிய வேலை வரிசை. நான்கு பேருக்கும் ஆளுக்கு இரண்டு வரிசை இருப்பதால், விண்டோஸ் கண்ணுக்கு எட்டு ப்ராசஸர் இருப்பதுபோலத் தெரியும். அந்த எட்டில் ஒன்று மட்டும் முழு மூச்சாக ஓடி, மற்ற ஏழும் சும்மா இருந்தால் மொத்தப் பயன்பாடு 12.5 சதவீதம்தான். அதாவது உங்கள் பிடிஎஃப் வேலையை ஒரே ஒரு ஆள் மூச்சுவாங்கச் செய்துகொண்டிருக்கிறார். மற்றவர்களால் கைகொடுக்க முடியாது. இரண்டாம் பக்கம் எங்கே தொடங்கும் என்பது முதல் பக்கம் முடிந்தால்தான் தெரியும் என்கிற மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யவேண்டிய வேலை அது.

நாம் தினமும் கம்ப்யூட்டரில் செய்கிற வேலைகளில் பெரும்பகுதி இந்த மாதிரிதான். ஒரு பட்டனை அழுத்துகிறோம், மெனு விரிகிறது. ப்ரவுசரில் ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறோம். ஒரு மென்பொருளைத் திறக்கிறோம். இவற்றில் எல்லாம் “வேகமாக இருக்கிறது” என்று நாம் உணர்வது, பெரும்பாலும் ஒற்றைக் கோரின் வேகத்தைத்தான். வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, முப்பரிமாணப் படத்தை உருவாக்குவது, பெரிய நிரலைக் கம்பைல் செய்வது போன்றவை வேறு ரகம். அங்கே வேலையைத் துண்டு துண்டாக வெட்டி எல்லா கோர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கலாம். எத்தனை ஆள் இருக்கிறார்களோ அத்தனைக்கு நல்லது.

ஒற்றைக் கோரின் வேகம் எங்கிருந்து வருகிறது

பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் கிகாஹெர்ட்ஸ் எண்ணைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் அந்த ப்ராசஸருக்குள் ஒரு நொடிக்கு 400 கோடி துடிப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளியில் ஒளியே சுமார் ஏழரை சென்டிமீட்டர்தான் போகமுடியும். அவ்வளவு சின்ன நேரம்.

ஆனால் துடிப்பை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது இன்னொரு பாதி. குட்டையான ஆள் வேக வேகமாக எட்டு வைப்பதையும், நெட்டையான ஆள் நிதானமாக நீள நீளமாக எட்டு வைப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். யார் முந்துவார் என்று எட்டுகளை மட்டும் எண்ணிச் சொல்ல முடியாது. 2004-இலேயே பென்டியம் 4 ப்ராசஸர் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டது. 2022-இல் வந்த கோர் ஐ5-12400-இன் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ் என்றுதான் போட்டிருக்கும். அதன் ஒற்றைக் கோரை அந்தக் குறைந்த வேகத்திலேயே ஓடவிட்டாலும் பழைய பென்டியம் 4-ஆல் அதன் பக்கத்தில்கூட வரமுடியாது. இத்தனை ஆண்டுகளில் எட்டு அவ்வளவு நீண்டுவிட்டது.

இதிலிருந்து ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பழைய தலைமுறையின் உயர்ரக ப்ராசஸரைவிடப் புதிய தலைமுறையின் சின்ன ப்ராசஸர் அன்றாட வேலையில் வேகமாக இருப்பது சாதாரணமாக நடப்பது. கிகாஹெர்ட்ஸை ஒப்பிடுவதாக இருந்தால் ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடுங்கள். அப்போதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

பூட்டும் சாவியும்

சரி, ஓவர்கிளாக் என்றால் என்ன? மதர்போர்டில் 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு அடிப்படைத் துடிப்பு ஓடுகிறது. ப்ராசஸர் அதை ஒரு எண்ணால் பெருக்கித் தன் வேகத்தை அமைத்துக்கொள்கிறது. அந்த எண்தான் மல்டிபிளையர். மல்டிபிளையர் 36 என்றால் 3.6 கிகாஹெர்ட்ஸ், 45 என்றால் 4.5 கிகாஹெர்ட்ஸ். தயாரிப்பாளர் வைத்த எண்ணுக்கு மேலே நாமாக ஏற்றி ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்.

இன்டெல் பெரும்பாலான ப்ராசஸர்களில் இந்த எண்ணை மேலே ஏற்ற முடியாதபடி பூட்டிவிடுகிறது. பெயரின் கடைசியில் ‘கே’ என்ற எழுத்து இருந்தால் பூட்டு இல்லை என்று அர்த்தம். ‘எஃப்’ என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. இது தெரியாமல் வாங்கிவிட்டு மதர்போர்டு பழுது என்று நினைத்துத் திண்டாடுகிறவர்கள் நிறைய பேர். ‘கேஎஃப்’ என்றால் பூட்டும் இல்லை, கிராபிக்ஸும் இல்லை.

ப்ராசஸரில் சாவி இருந்தால் மட்டும் போதாது, மதர்போர்டும் கதவைத் திறக்கவேண்டும். இன்டெல் பக்கம் இசட்690, இசட்790 போன்ற ‘இசட்’ வரிசை சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்) உள்ள போர்டுகளில்தான் மல்டிபிளையரை ஏற்ற முடியும். பி760, எச்610 போர்டில் ‘கே’ ப்ராசஸரைப் போட்டால் நன்றாகவே ஓடும். ஆனால் மல்டிபிளையரை ஏற்றும் வசதி இருக்காது. ஏஎம்டி கொஞ்சம் தாராளம். ரைசன் வரிசையில் பெரும்பாலானவை பூட்டில்லாமலே வருகின்றன. பி550, பி650 போன்ற நடுத்தர போர்டுகளிலேயே ஓவர்கிளாக் செய்யலாம். ஏ520, ஏ620 போன்ற அடிமட்ட போர்டுகளில்தான் முடியாது. அதனால் “பட்ஜெட்டா, ஓவர்கிளாக்கா” என்ற கேள்வி இன்டெல் பக்கம் கூர்மையாக இருக்கும் அளவுக்கு ஏஎம்டி பக்கம் இருக்காது.

அந்தக் காலத்து லாபம்

ஓவர்கிளாக் என்ற சொல்லுக்கு இவ்வளவு மவுசு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள 1998-க்குப் போகவேண்டும். அந்த ஆண்டு இன்டெல் செலரான் 300ஏ என்ற பட்ஜெட் ப்ராசஸரை வெளியிட்டது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் (அந்தக் காலத்து அடிப்படைத் துடிப்பு), மல்டிபிளையர் நான்கரை, ஆக 300 மெகாஹெர்ட்ஸ். மல்டிபிளையர் பூட்டப்பட்டிருந்தது. ஆனால் போர்டில் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 ஆக மாற்றினால், அதே நான்கரை மடங்கு 450 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஏராளமான செலரான்கள் அந்த வேகத்தில் சிக்கலில்லாமல் ஓடின. அப்போது உச்சத்தில் இருந்த பென்டியம் 2-இன் வேகமும் 450 மெகாஹெர்ட்ஸ்தான். போதாக்குறைக்குச் செலரானின் 128 கிலோபைட் கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தகவலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் குட்டி நினைவகம்), சிப்புக்குள்ளேயே ப்ராசஸரின் முழு வேகத்தில் ஓடியது. அடிமட்ட ப்ராசஸரை வாங்கி ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் 50 சதவீதம் வேகம் கூடி, உச்ச ப்ராசஸரின் தோளில் கை போடலாம்! அந்தத் தலைமுறை ஆர்வலர்கள் இன்றும் அதைப் பாசத்தோடு பேசுவதில் வியப்பில்லை.

இன்றைக்கு ஏன் அந்த 50 சதவீதம் கிடைப்பதில்லை? ப்ராசஸரே தன்னைத்தானே ஓவர்கிளாக் செய்துகொள்கிறது என்பதுதான் காரணம். 2008 முதல் இன்டெலின் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் டர்போ பூஸ்ட் வந்தது. சூடு குறைவாக இருக்கிறதா, ஒரே ஒரு கோர்தான் வேலை செய்கிறதா, அப்படியானால் அந்தக் கோரை மட்டும் மேலே ஏற்று என்று நொடிக்குப் பல முறை கணக்குப் போட்டு ஏற்றி இறக்குகிறது. 2017-இல் வந்த ரைசனில் ஏஎம்டியின் பிரிசிஷன் பூஸ்ட்டும் இதே வேலையைச் செய்கிறது. 2023-இல் வந்த கோர் ஐ9-13900கேஎஸ், யாரும் கை வைக்காமலே 6 கிகாஹெர்ட்ஸைத் தொடுகிறது. முன்பு ஆர்வலருக்குக் கிடைத்த மிச்சத்தை இப்போது தொழிற்சாலையே எடுத்து நம் கையில் கொடுத்துவிடுகிறது. நாம் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) போய்ச் சுரண்டி எடுக்க மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று கோர் ஐ3-12100: நான்கு கோர், எட்டு த்ரெட், உச்ச டர்போ 4.3 கிகாஹெர்ட்ஸ், 12 மெகாபைட் கேஷ், பூட்டியது. மற்றொன்று கோர் ஐ5-12600கே: ஆறு பெரிய கோர், நான்கு சின்ன கோர் (மின்சாரம் குறைவாகத் தின்பவை, ஆளுக்கு ஒரே த்ரெட்), மொத்தம் 16 த்ரெட், உச்ச டர்போ 4.9 கிகாஹெர்ட்ஸ், 20 மெகாபைட் கேஷ், பூட்டில்லாதது. முக்கியமான விஷயம், ஐ3-இல் இருக்கும் அதே ரக கோர்தான் ஐ5-இன் பெரிய கோரும். எட்டின் நீளம், அதாவது ஒரு துடிப்பில் முடியும் வேலை, ஒன்றுதான். வேகம் மட்டுமே வேறு.

4.3-க்கும் 4.9-க்கும் வித்தியாசம் சுமார் 14 சதவீதம். கேஷ் கூடுதலாக இருப்பதால் சில வேலைகளில் இன்னும் கொஞ்சம் கூடும். இதை அன்றாட வேலையில் பொருத்திப் பாருங்கள். ஐ3-இல் ஒரு மெனு விரிய 80 மில்லிசெகண்ட் ஆகிறது என்றால் ஐ5-இல் 70. நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது 100 மில்லிசெகண்டுக்குள் நடந்து முடிவதெல்லாம் மனிதருக்கு உடனே நடந்ததாகவே தோன்றும். 80-ஐயும் 70-ஐயும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முதலில் சொன்ன பிடிஎஃப் வேலை ஐ3-இல் எட்டு நொடி என்றால் ஐ5-இல் ஏழு நொடி. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் தெரியும், வேலை மும்முரத்தில் தெரியாது.

இதற்கு மேல் ஓவர்கிளாக் என்ன சேர்க்கும்? 4.9-ஐ 5.1 ஆக்கினீர்கள் என்று வையுங்கள். 4 சதவீதம். ஏழு நொடி வேலையில் கால் நொடிக்கும் சற்று அதிகம் மிச்சம். இதற்காக ‘இசட்’ போர்டு, பெரிய கூலர், சில நாள் பரிசோதனை. அன்றாட வேலைக்கு மட்டும்தான் கம்ப்யூட்டர் என்றால் நான் இதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

ஆனால் வீடியோ மாற்றும் வேலைக்கு வந்தால் காட்சியே மாறிவிடும். அங்கே ஐ3-இன் நான்கு கோருக்கு எதிராக ஐ5-இன் பத்து கோரும் களத்தில் இறங்கும். ஐ3-இல் ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலை ஏறக்குறைய அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: இந்த லாபம் ஓவர்கிளாக்கால் வந்தது இல்லை. பூட்டைத் தொடவே இல்லை. ‘கே’ ப்ராசஸர் தரும் நன்மையில் பெரும்பங்கு அதன் கோர் எண்ணிக்கையிலும், தொழிற்சாலையிலேயே ஏற்றி வைக்கப்பட்ட வேகத்திலும் இருக்கிறது. ‘கே’ வாங்கி ஒருநாளும் ஓவர்கிளாக் செய்யாமல் வைத்திருப்பது வீண் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. உங்கள் வேலைக்கு அந்த கோர்கள் தேவையென்றால் அது நியாயமான தேர்வுதான்.

ஏஎம்டியில் ரைசன் 5 5600-ஐயும் 5600எக்ஸையும் பாருங்கள். இரண்டிலும் ஆறு கோர், 12 த்ரெட், 32 மெகாபைட் கேஷ். ஒன்றின் உச்ச பூஸ்ட் 4.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்றில் 4.6. வித்தியாசம் நாலரை சதவீதம், இரண்டுமே பூட்டில்லாதவை. இங்கே விலை குறைந்ததை எடுப்பதில் யோசிக்கவே வேண்டியதில்லை.

வேகமா, ஆள்பலமா

பட்ஜெட் விலையிலேயே ஓவர்கிளாக் செய்யும் ப்ராசஸர் கொடுத்தால் எப்படி இருக்கும்? இன்டெல் அதையும் செய்து பார்த்திருக்கிறது. பென்டியம் என்ற பெயருக்கு 20 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடி 2014-இல் பென்டியம் ஜி3258 வந்தது. இரண்டு கோர், இரண்டே த்ரெட், 3.2 கிகாஹெர்ட்ஸ், பூட்டில்லை. நல்ல கூலர் போட்டவர்கள் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் எளிதாகக் கொண்டுபோனார்கள். 2017 ஜனவரியில் கோர் ஐ3-7350கே வந்தது. இரண்டு கோர், நான்கு த்ரெட், பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 4.2 கிகாஹெர்ட்ஸ். விலையில் அதற்குப் பக்கத்திலேயே ஐ5-7400 நின்றது: பூட்டியது, உச்சமே 3.5 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் நான்கு முழு கோர். அதே ஆண்டு அக்டோபரில் ஐ3-8100 வந்தபோது சாதாரண ஐ3-யிலேயே நான்கு கோர் கிடைத்துவிட்டது.

எண்ணை மட்டும் பார்த்து வேகத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிறகு எதை இழந்தார்கள் என்பதை நானே அனுபவித்திருக்கிறேன். என்னிடமும் ஒரு காலத்தில் பூட்டில்லாத இரண்டு கோர் ப்ராசஸர் இருந்தது. பயாஸில் மல்டிபிளையரை 44-க்கு ஏற்றி, ஒரு வாரம் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓட்டினேன். ப்ரவுசர் பறந்தது. ஆனால் பின்னணியில் வைரஸ் ஸ்கேன் தொடங்கிவிட்டால் போதும், மவுஸ் அம்புக்குறி நின்று நின்று நகரும். பாட்டு கேட்டுக்கொண்டிருந்தால் விக்கும். நண்பர் வைத்திருந்த நான்கு கோர் கம்ப்யூட்டர் கிகாஹெர்ட்ஸில் என்னுடையதைவிட வெகுவாகப் பின்தங்கியது. ஆனால் அதில் இந்த விக்கல் வந்ததே இல்லை. அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. இரண்டு பேரும் வேறு வேலையில் மாட்டிக்கொண்டால், எவ்வளவு வேகமான ஆளாக இருந்தாலும் மூன்றாவதாக வருபவர் வாசலில் நிற்கத்தான் வேண்டும்.

அதற்காக கோர் எண்ணிக்கை கூடக்கூட அன்றாட வேலை வேகமாகிக்கொண்டே போகும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜீன் ஆம்டால் என்ற கணினி வல்லுநர் 1967-இலேயே இதற்கு எல்லை போட்டுக் காட்டினார். ஒரு வேலையில் பாதியைத்தான் பங்கிட முடியும் என்றால், ஆயிரம் கோர் வைத்தாலும் மொத்த வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது. பங்கிட முடியாத அந்தப் பாதி அப்படியே நிற்கும். ப்ரவுசர், ஆவணங்கள், வீடியோ கால், பின்னணியில் ஓடும் நாலைந்து சேவைகள் என்ற அளவுக்கு இன்றைய நிலையில் நான்கு கோர், எட்டு த்ரெட் இருந்தால் வேலை ஓடும். ஆறு கோர் இருந்தால் சில ஆண்டுகளுக்குக் கவலை இல்லை. அதற்கு மேல் போவது வேலையைப் பொறுத்தது.

சூடு

ப்ராசஸர் தின்னும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேராகவும், வோல்ட்டேஜின் இருமடிப் பெருக்கத்தோடும் கூடும். வேகத்தை ஏற்றினால் ஒரு கட்டத்துக்கு மேல் வோல்ட்டேஜையும் ஏற்றியே ஆகவேண்டும். 4.5-இலிருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போக, வோல்ட்டேஜை 1.2-இலிருந்து 1.32 ஆக்கினீர்கள் என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். வேகம் 11 சதவீதம் கூடும். சூடு 34 சதவீதம் கூடும்.

ஐ3-12100-இன் அடிப்படை மின்தேவை 60 வாட், டர்போவில் அதிகபட்சம் 89 வாட். பெட்டியோடு வரும் சின்ன கூலரே தாங்கும். ஐ5-12600கே-வுக்கு அடிப்படையே 125 வாட், அதிகபட்சம் 150 வாட்; பெட்டியில் கூலர் வராது, தனியாக வாங்கவேண்டும். விலையை ஒப்பிடும்போது ப்ராசஸர் விலையை மட்டும் ஒப்பிட்டுவிட்டுப் பிறகு விழிப்பவர்கள் இந்தக் கூலரையும் போர்டையும் மறந்தவர்கள்தான். கூலர் போதாவிட்டால் ப்ராசஸர் எரிந்துபோகாது. சூடு எல்லையைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது காசு கொடுத்து வாங்கிய வேகம் கையில் தங்காது.

நிலைத்தன்மைதான் எனக்கு இதைவிடக் கவலை தருகிறது. அளவுக்கு மீறிய ஓவர்கிளாக் எப்போதும் நீலத்திரை காட்டி எச்சரிப்பதில்லை. எனக்கு நடந்தது அதுதான். அந்த இரண்டு கோர் கம்ப்யூட்டரில் பழைய புகைப்படங்களை எல்லாம் சுருக்கி ஒரே கோப்பாக்கி வைத்தேன். சில வாரம் கழித்துத் திறந்தால் செக்சம் பிழை (கோப்பு சிதைந்திருக்கிறது என்று அர்த்தம்), திறக்க மறுத்தது. வேகத்தைப் பழையபடி இறக்கிவிட்டு மீண்டும் சுருக்கியபோது சரியாக வந்தது. மூலப் படங்களை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தேன். கேம் மட்டும் ஆடும் கம்ப்யூட்டரில் இது நடந்தால் கேம் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். கணக்கு வழக்கும் குடும்பப் படங்களும் இருக்கும் கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. ஓவர்கிளாக் செய்வதாக இருந்தால் எல்லா கோர்களையும் முழு மூச்சாக ஓடவிடும் அழுத்தச் சோதனையைப் பல மணி நேரம் ஓட்டாமல் அதை நம்பி ஒரு கோப்பையும் ஒப்படைக்காதீர்கள்.

வோல்ட்டேஜ் சிப்பை மெல்ல மெல்ல முதுமையாக்கவும் செய்யும். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில் வரும் நிலையின்மைக்குத் தேவைக்கு அதிகமான வோல்ட்டேஜ் ஒரு காரணம் என்று 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாக வரும் மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. பயனர் கை வைக்காத ப்ராசஸர்களிலேயே நடந்தது இது. அந்தத் தலைமுறை ப்ராசஸர் உங்களிடம் இருந்தால் பயாஸை அப்டேட் செய்துவிட்டீர்களா என்று இன்றைக்கே பாருங்கள்.

முதலில் பார்க்கவேண்டியவை வேறு

“கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ, புது ப்ராசஸர் வாங்கலாமா” என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, விண்டோஸ் எதில் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்றுதான். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது 8.3 மில்லிசெகண்ட். நமக்குத் தேவையான தகவல் தலைக்கு அடியில் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்கவேண்டும், சுமார் 4.2 மில்லிசெகண்ட். அந்த அரைச் சுற்று நேரத்தில் 4 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் ஒன்றே முக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவான துடிப்புகளைச் சும்மா கழிக்கிறது. ஒரு மென்பொருளைத் திறக்க இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கவேண்டியிருக்கும். ப்ராசஸரை 5 கிகாஹெர்ட்ஸ் ஆக்கினால் அது காத்திருக்கும் துடிப்புகளின் எண்ணிக்கைதான் கூடும். எஸ்எஸ்டியில் சுற்ற ஒன்றுமில்லை. அதே தகவல் பத்தில் ஒரு மில்லிசெகண்ட் அளவில் வந்துவிடும்.

அப்புறம் ரேம். எட்டு ஜிபி நிரம்பிவிட்டால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதிப் படிக்கத் தொடங்கும், எந்த ப்ராசஸராக இருந்தாலும் தள்ளாடும். 16 ஜிபி வாங்குவதானால் ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்குங்கள். இரண்டு சேனலும் வேலை செய்து, ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவிலுள்ள பாதை இரண்டு மடங்கு அகலமாகும். ப்ராசஸருக்கு உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸைப் பயன்படுத்துபவர்களுக்கு இது கண்கூடாகத் தெரியும். இன்னொன்று, 3200 என்று போட்டு வாங்கிய ரேம் பல கம்ப்யூட்டர்களில் 2133-இலோ 2666-இலோ ஓடிக்கொண்டிருக்கும். பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் சொன்ன வேகத்துக்கு வரும். இதுவும் ஒருவகை ஓவர்கிளாக்தான், ஆனால் அந்த வேகத்துக்கு ரேம் தயாரிப்பாளரே சோதித்துக் கொடுத்தது. இன்டெலின் பி560 முதல் பட்ஜெட் ‘பி’ போர்டுகளிலும் இதைச் செய்யலாம். பட்ஜெட் ப்ராசஸர் வாங்கியவர்கள் வேறு எதையும் தொடாவிட்டாலும் இதை ஒருமுறை பார்த்துவிடவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ப்ராசஸர்தான் இழுக்கிறது என்று சந்தேகம் இருந்தால் உங்கள் கம்ப்யூட்டரையே கேளுங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய், சிபியு வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, லாஜிக்கல் ப்ராசஸர்ஸ் என்று மாற்றுங்கள். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு கட்டம் வரும். உங்களை எரிச்சலூட்டும் அந்த வேலையை இப்போது செய்யுங்கள். கட்டங்கள் எல்லாம் ஒன்றாக உச்சியில் முட்டினால் உங்களுக்குத் தேவை கூடுதல் கோர். ‘கே’ வகையோ, கோர் அதிகமுள்ள பூட்டிய ப்ராசஸரோ, எதுவானாலும் நல்லது. ஒன்றிரண்டு கட்டம் மட்டும் மேலே ஏறி, மொத்தம் ஒரு கட்டத்தின் அளவிலேயே நின்றால் தேவை வேகமான கோர். உங்களிடம் இருப்பது ஐந்தாறு ஆண்டுப் பழசு என்றால் புதிய தலைமுறையின் பட்ஜெட் ப்ராசஸரே அதைத் தந்துவிடும். விண்டோஸ் அந்த ஒரே வேலையைக் கோர் விட்டுக் கோர் மாற்றிக்கொண்டிருக்கும், அதனால் எந்தக் கட்டமும் நூறைத் தொடவில்லையே என்று குழம்பவேண்டாம். கட்டங்கள் எல்லாம் தரையிலேயே படுத்திருக்க, இடப்பக்கம் டிஸ்க் மட்டும் 100 சதவீதம் காட்டினால், இருக்கும் ப்ராசஸரையே வைத்துக்கொண்டு ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள்.